இரண்டாம் தொடுகை

வலிகாமம் கிழக்கில் பழைய ஆட்டக்காரர் நாலு பேர் கூடியிருந்து கரப்பந்தாட்டத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதலில் வருவது அடிகாரரின் பெயர்தான். யார் அடித்த பந்து எதிராளியின் நெஞ்சில் பட்டு மதிலுக்கு மேலால் போனது, யார் இரண்டு பேரின் பிளொக்குக்கு மேலால் எழும்பி அடித்தான் என்று இருட்டும்வரை கதை நீளும். அந்தப் பந்தை நெற்றுக்கு மேலே தூக்கிக் கொடுத்தவன் யார் என்று கேட்டால் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசமாட்டார்கள். பிறகு ஒருவர், "அவன்தான்... அந்தக் கட்டைப் பெடியன், வாசிகசாலைக்குப் பின்வளவில இருந்தவன்" என்பார். பெயர் அப்போதும் வராது.

இந்தக் கட்டுரை அந்தக் கட்டைப் பெடியன்களைப் பற்றியது. நான் இளமையில் செற்றராக, அதாவது பந்து தூக்கிக் கொடுப்பவனாக, விளையாடியவன். பிறகு ஓய்வு பெறும்வரை பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி, அச்சுவேலி, இடைக்காடு என்று பருத்தித்துறை வீதியை ஒட்டியும் அதற்கு உள்ளேயும் கிடக்கிற ஊர்களில் எழுந்த அணிகளையும் விழுந்த அணிகளையும் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். தொடர்ந்து பல ஆண்டுகள் வென்ற ஒவ்வோர் அணியும் நல்ல செற்றர் ஒருவனைச் சுற்றிக் கட்டப்பட்டது. அவன் போனதும் அந்த அணி சரிந்தது. எங்கள் ஊர்களின் விளையாட்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

கரப்பந்தில் ஓர் அணி மூன்று தரம் பந்தைத் தொடலாம். முதல் தொடுகை எதிரணி அனுப்பியதை ஏற்பது. அது எப்படி வரும் என்பது எங்கள் கையில் இல்லை. மூன்றாவது, அடி. அதைப் பார்க்கத்தான் சனம் வேலிக்கரையில் நிற்கிறது. நடுவில் வருகிற இரண்டாம் தொடுகையில்தான் ஓரணி முதன்முதலாகத் தன் விருப்பத்துக்கு ஒன்றைச் செய்கிறது. பந்து செற்றரின் விரலில் கிடக்கும் நேரம் கண்ணிமைப்பிலும் குறைவு. பந்து அவனிடம் வந்து சேர முன்னமே எதிர்ப்பக்கத்தில் பிளொக்குக்கு யார் எழும்பப்போகிறான், தன் பக்கத்தில் யாருடைய காலடி சரியாக வந்திருக்கிறது, போன பந்தை வெளியே அடித்தவன் இப்போது என்ன மனத்தோடு நிற்கிறான் என்று அவன் பார்த்து முடித்திருக்க வேண்டும். பந்து விரலில் கொஞ்சம் தங்கினால் நடுவர் விசில் ஊதுவார். இரண்டு கையும் ஒன்றாய்ப் படாவிட்டாலும் விசில். ஆறு பேரில் அதிகம் ஓடுகிறவனும் அவன்தான், ஒவ்வொரு பந்திலும் பிழைவிடும் ஆபத்தில் இருப்பவனும் அவன்தான்.

விளையாட்டு பிறந்தபோது இந்த இடம் இருக்கவில்லை. அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து வை.எம்.சி.ஏ.யில் 1895இல் வில்லியம் மோர்கன் இதை உருவாக்கியபோது ஒரு பக்கத்தவர்கள் எத்தனை தரமும் பந்தைத் தொடலாம், எத்தனை பேரும் விளையாடலாம். ஒருவர் உயரத் தூக்க மற்றவர் எழும்பி அடிக்கும் முறை 1916இல் பிலிப்பைன்ஸில் தோன்றியது. அதே 1916இல்தான் கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வோல்டர் கமாக் இந்த ஆட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தார். மூன்று தொடுகை என்ற வரம்பு 1920இல் வந்தது. ஆக, செற்றரின் வேலையும் இலங்கையின் கரப்பந்தும் ஒரே வயதுக்காரர்.

யாழ்ப்பாணத்துக்கு வை.எம்.சி.ஏ. புதிதல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் தெல்லிப்பழையில் வந்து இறங்கியவர்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கினார்கள். அதன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் 1884இல் ஒரு வை.எம்.சி.ஏ. அமைக்கப்பட்டது. ஆசியாவிலேயே மாணவர்களுக்கென்று அமைந்த முதலாவது அதுவென்று சொல்வார்கள். கல்லூரி மைதானங்களில் கிரிக்கெட்டும் உதைபந்தும் பெரிய ஆட்டங்களாக இருந்தபோது கரப்பந்து ஊருக்குள் இறங்கி நின்றது. காரணம் நிலம். பதினெட்டு மீற்றர் நீளம், ஒன்பது மீற்றர் அகலம், சுற்றிவர ஓடக் கொஞ்ச இடம், அவ்வளவுதான் வேண்டும். வெங்காயமும் புகையிலையும் வைக்கிற செம்பாட்டு மண்ணில், ஒரு பரப்புக் காணிக்கும் வழக்குப் பேசுகிற எங்கள் ஊர்களில், உதைபந்துக்கு யார் வெட்டை விடப்போகிறான்? கோயிலின் பின்வீதியிலோ சனசமூக நிலையத்து வளவிலோ இரண்டு பனங்குற்றியை நாட்டி, கயிறு கட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டால் மைதானம் ஆயத்தம்.

இன்னொரு காரணத்தையும் நான் நம்புகிறேன். அணிக்குள் ஒருவனுக்குத் தனி வேலை கொடுத்து, அவன் கண்ணால் மற்றவர்கள் ஆடுவது எங்கள் மண்ணுக்குப் பழக்கமாக இருந்தது. கிளித்தட்டு அப்படி ஓர் ஆட்டம். தாச்சி என்றும் சொல்வோம். மறிக்கிற அணியில் ஒவ்வொருவனுக்கும் ஒரு குறுக்குக் கோடு உண்டு. அவன் அதைவிட்டு விலகக்கூடாது. கிளி மட்டும் நடுக்கோட்டில் நீளத்துக்கு ஓடலாம். எங்கே ஒருவன் தட்டுக்குள் இறங்கி மாட்டியிருக்கிறான், எந்தக் கோட்டுக்காரன் அவனை எந்தப் பக்கம் ஒதுக்கினால் தன் கைக்கு எட்டும் என்று கணித்து அந்த இடத்துக்கு முதலில் போய் நிற்கிறவன்தான் நல்ல கிளி. வேகமாக ஓடுகிறவன் எல்லாம் கிளியாக முடியாது. அறுவடை முடிந்த தரையில், நிலவு வெளிச்சத்தில் ஆட்டம் பிரிக்கும்போது பெரியவர்கள் முதலில் கிளியைத்தான் தெரிவார்கள். மற்றவர்களைப் பிறகு பங்கு பிரிப்பார்கள். என் தகப்பனாரின் தலைமுறையில் நல்ல கிளி என்று பேரெடுத்தவரைப் பக்கத்து ஊர்க்காரரும் அறிவார்கள். கரப்பந்துக்கு வந்தபோது அந்தப் பழைய அறிவை நாங்கள் கொஞ்சம் மறந்துவிட்டோம். உயரமானவனை முதலில் எடுத்தோம்.

எங்கள் பக்கத்துக் கரப்பந்தின் நல்ல காலம் எழுபதுகள். அதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. 1970இல் வந்த அரசாங்கம் வெங்காயம், மிளகாய் போன்றவற்றின் இறக்குமதியை இறுக்கியது. வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. அதே ஆண்டுகளில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து, இடம் கிடைக்காத படித்த பெடியன்கள் பலர் ஊரோடு தங்கிவிட்டார்கள். விடியப்புறம் தண்ணீர் இறைப்பு. துலா மிதித்த காலம் போய் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்திருந்ததால் வேலை வெள்ளனவே முடியும். பின்னேரம் நாலரைக்குக் கை கால் கழுவிக்கொண்டு மைதானத்துக்கு வருவார்கள். கையில் கொஞ்சம் காசு, பின்னேரங்கள் முழுக்க ஓய்வு, மனத்துக்குள் வெளியே சொல்லாத ஏமாற்றம். அந்த மூன்றும் சேர்ந்துதான் ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒரு விளையாட்டுக் கழகத்தை உண்டாக்கின. ஆவரங்காலில் ஒரே ஊருக்குள் மத்திய விளையாட்டுக் கழகம், இந்து இளைஞர் விளையாட்டுக் கழகம் என்று இரண்டு கழகங்கள் வளர்ந்தன. குடாநாட்டில் கரப்பந்து என்றால் இன்றும் முதலில் சொல்லப்படும் ஊர் அது.

எனக்குப் பந்து தூக்கப் பழக்கியவர் சங்கக்கடையில் நிறுக்கிற வேலை பார்த்த அண்ணை ஒருவர். ஆள் கட்டை. கடையில் அவர் தராசில் சீனி கொட்டுகிற முறையைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் தரம் கை வைக்க மாட்டார். பின்னேரம் என்னை வாசிகசாலைச் சுவருக்கு முன்னால் நிறுத்துவார். சுவரில் கரியால் கீறிய வட்டத்தில் பந்து பட்டுத் திரும்ப வேண்டும், அதே வட்டத்துக்கு மறுபடியும் போக வேண்டும். பந்து விரலில் படும் சத்தம் அவருக்குக் கேட்கக்கூடாது. கேட்டால், "உள்ளங்கையால தள்ளுறாய். விரலால வாங்கு" என்பார். மல்லாக்கப் படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பந்தைத் தூக்கிப் பிடிக்காமல் திரும்பத் திரும்பத் தூக்க வைப்பார். மாரியில் தோற்பந்து ஈரம் குடித்துப் பாரமாகிவிடும். அதை வேண்டுமென்றே எடுத்து வருவார். காய்ந்த பந்தைத் தூக்க எவனுக்கும் தெரியும் என்பது அவரது கொள்கை. என் இடதுகைச் சின்னவிரலின் நடு மூட்டு இப்போதும் முழுக்க மடங்காது.

அவர் எனக்குச் சொல்லித்தந்ததில் பெரியது விரலைப் பற்றியதல்ல. எங்கள் அணியில் இரண்டு நல்ல அடிகாரர் இருந்தார்கள். இரண்டு குறிச்சி. காணிப் பிரச்சினை ஒன்றில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஒருவனுக்குத் தொடர்ந்து மூன்று பந்து போனால் மற்றவன் முகம் கறுத்துவிடும். நாலாவது பந்தைத் தன்னிடம் தந்தாலும் வேண்டாவெறுப்பாய்த் தட்டிவிடுவான். அண்ணை என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய், "தம்பி, பந்து உன்ர இல்லை. ஆருக்கு எப்ப வேணுமெண்டு நீ அறிஞ்சு வைச்சிருக்க வேணும். பெரியவனுக்குப் பெரிய நேரத்தில குடு. மற்றவனுக்கு அவன் நினைக்காத நேரத்தில குடு. ரெண்டு பேரும் உன்னோட கோவிக்காமல் இருந்தால் காணும்" என்றார். அதை முழுக்க விளங்கிக்கொள்ள எனக்குக் காலம் எடுத்தது.

சாதி பார்த்து மைதானத்துக் கோட்டுக்குள்ளே ஆள் எடுக்காத காலமும் இங்கே இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதினமல்ல. தோட்டத்தில் கூலிக்கு நின்ற ஒரு பெடியன் எங்கள் எல்லோரையும்விட உயர எழும்புவான். அவன் வெளியே நின்று பந்து பொறுக்கித் தந்தான். அவனைக் கோட்டுக்குள் கொண்டுவந்தவர் அந்தச் சங்கக்கடை அண்ணைதான். கூட்டம் கூட்டவில்லை, வாக்குவாதம் செய்யவில்லை. "எனக்கு நடுவில அடிக்க ஆள் வேணும், இவன் வராட்டில் நான் தூக்கேல்லை" என்றார். அவர் தூக்காவிட்டால் ஆட்டம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். செற்றருக்கு அணிக்குள் எவ்வளவு பலம் உண்டு என்று நான் கண்டது அன்றைக்குத்தான். இன்றுவரை அதைவிட நல்ல காரியத்துக்கு அந்தப் பலம் பயன்பட்டதை நான் பார்க்கவில்லை.

அந்த நாளில் எங்கள் ஊர்களில் இரண்டு செற்றர், நாலு அடிகாரர் என்ற முறைதான். இரண்டு செற்றரும் எதிர் எதிர் மூலையில் நிற்பார்கள். சுற்று மாறி முன்னுக்கு வருகிறவன் தூக்குவான். பிறகு கொழும்புக்குப் பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியர்கள் ஒரே செற்றர், ஐந்து அடிகாரர் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். செற்றர் பின்வரிசையில் நின்றாலும் சேர்விஸ் அடிபட்ட உடனே நெற்றடிக்கு ஓடிவருவான். முன்னால் மூன்று பேர் அடிக்க ஆயத்தமாய் நிற்பார்கள். பார்ப்பதற்கு அழகான முறை. ஆனால் அன்றிலிருந்து அணியின் தலைவிதி முழுவதும் ஒரே ஆளின் கையில் போய்விட்டது. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அணிக்கே காய்ச்சல்.

யப்பான்காரர் இதை உலகத்துக்கே காட்டினார்கள். 1964இல் டோக்கியோவில் கரப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது அவர்களுடைய ஆண்கள் அணி மூன்றாவது இடம். 1968இல் இரண்டாவது. 1972இல் மியூனிக்கில் தங்கம். மூன்று அணியிலும் இருந்த செற்றர் கற்சுதோஷி நெகோடா. பயிற்றுநர் மற்சுடைரா, உயரத்தில் ஐரோப்பியரை வெல்ல முடியாது என்று கண்டு வேகத்தில் வெல்ல நினைத்தார். செற்றரின் கையை விட்டுப் பந்து எழும்ப முன்னமே அடிகாரன் காற்றில் நிற்கும் குயிக், ஒருவன் எழும்பி ஏமாற்ற இன்னொருவன் பிந்தி அடிக்கும் முறை எல்லாம் அந்த அணியால் உலகப் புகழ் பெற்றவை. நெகோடா இல்லாமல் அவற்றில் ஒன்றும் நடந்திராது. மியூனிக் அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதல் இரண்டு செற்றையும் தோற்று, அடுத்த மூன்றையும் அவர்கள் வென்றார்கள். நெகோடா 1983இல், நாற்பது வயதாக முன்னம், புற்றுநோயால் இறந்தார். எங்களுக்கு அந்தச் செய்தி வெகு காலம் பிந்தித்தான் கிடைத்தது. 1983இல் எங்களுக்கு வேறு செய்திகள் இருந்தன.

வேறு ஆட்டத்திலும் இப்படி ஓர் ஆள் உண்டு. அமெரிக்கர் தங்கள் கால்பந்தில் குவாட்டர்பேக் என்று ஒருவனை வைத்திருக்கிறார்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் வாங்கி, மேலே பாய்ந்து வருகிறவர்களுக்கு நடுவில் நின்று, யாருக்கு எறிவது என்று ஓரிரு விநாடியில் முடிவெடுக்கிறவன். அவன்தான் அங்கே செற்றர். முன்னோக்கி எறிய 1906இல் விதி இடம் கொடுத்த பிறகு அந்த இடத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. இன்றைக்கு அந்த ஆட்டத்தில் ஆகக் கூடிய சம்பளம் குவாட்டர்பேக்குகளுக்குத்தான். அப்படியிருந்தும் ஆட்களைத் தெரிகிறவர்கள் அவனை அடையாளம் காணத் தடுமாறுகிறார்கள். பார்ட் ஸ்டார் என்பவரை 1956இல் புது ஆட்டக்காரரைத் தெரியும் வரிசையில் இருநூறாவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் ஐந்து தரம் தன் அணியை நாட்டின் சாம்பியனாக்கினார். 2000இல் டொம் பிரேடியை நூற்றித் தொண்ணூற்றொன்பதாவது ஆளாக எடுத்தார்கள். அவர் வென்ற சூப்பர் போல் இறுதியாட்டங்கள் ஏழு. ஓட்டத்தையும் பாய்ச்சலையும் உயரத்தையும் அளக்கக் கருவி இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று அறிகிற மூளையை அளக்க அவ்வளவு பெரிய நாட்டிலும் ஒன்றுமில்லை. எங்கள் கழகச் செயலாளர்மார் பெடியன்களைச் சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்ததை இதற்கு மேல் நான் குறை சொல்ல முடியாது.

எங்கள் சுற்றுப்போட்டிகளில் ஒரு வழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இறுதி ஆட்டத்துக்கு வெளியூரிலிருந்து அடிகாரரை அழைத்துவருவது. வான் பிடித்து அனுப்பி, சாப்பாடு போட்டு, கையில் ஏதோ வைத்து அனுப்புவார்கள். ஒரு கழகத்துக்காக அடித்தவன் அடுத்த மாதம் எதிர்க்கழகத்துக்காக அடிப்பான். இதில் வெற்றியும் கிடைக்கும். ஆனால் இரவல் செற்றரை வைத்து வென்ற அணியை நான் காணவில்லை. அடிகாரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பந்து உண்டு. ஒருவனுக்கு நெற்றுக்கு ஒரு முழம் உள்ளே வேண்டும், இன்னொருவனுக்கு நெற்றோடு ஒட்டி வேண்டும். ஒருவன் பந்து உச்சியில் நிற்கும்போது அடிப்பான், மற்றவன் அது இறங்கும்போது. களைத்த பிறகு ஒவ்வொருவனுக்கும் அந்த அளவு மாறும். இதெல்லாம் மாரியும் கோடையும் ஒன்றாய் நின்று பழகிய கைக்குத்தான் தெரியும். அடிகாரனை ஒரு நாளுக்கு வாங்கலாம். செற்றரை ஊர் தன் வயிற்றில் வைத்து வளர்க்க வேண்டும்.

அதனால்தான் எண்பதுகள் எங்கள் கழகங்களை அப்படி உடைத்தன. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு வெங்காய விலை விழுந்திருந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவன் கிளம்பினான். ஒருவன் ஜேர்மனிக்கு, ஒருவன் பிரான்சுக்கு, ஒருவன் கனடாவுக்கு. சிலர் ஆயுத இயக்கங்களுக்குப் போனார்கள். அவர்களில் பலர் திரும்பி வரவில்லை. ஆறு பேர் கொண்ட அணியில் ஓர் அடிகாரன் போனால் அடுத்தவனை வளர்த்துக்கொள்ளலாம். செற்றர் போனால், மிஞ்சின ஐந்து பேரும் நல்ல ஆட்டக்காரராக இருந்தும், அது பிறகு அணியாக இருக்காது. நான் பயிற்றிய முதல் அணி அப்படித்தான் முடிந்தது. செற்றர் பெடியனுடைய தமையன் பிரான்சிலிருந்து காசு அனுப்பியிருந்தான். பெடியன் பயணம் சொல்ல வந்தபோது, போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அந்தக் காலத்தில் போனவன் உயிரோடு இருப்பான் என்பதுதான் எல்லோருடைய கணக்கும். அவன் போன பிறகு மற்றப் பெடியன்கள் பின்னேரங்களில் வந்து பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். போட்டிக்கு என்று யாரும் பெயர் கொடுக்கவில்லை.

1991இல் அரசாங்கம் கரப்பந்தாட்டத்தை இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவித்தது. அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். புதுப் பந்து வராது. செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோய்க் கிழிந்த தையலைத் திரும்பத் தைப்போம். ஒரு பந்து பல பந்துகளின் தோலால் ஆகிவிடும். அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று செற்றருக்குத்தான் தெரியும். அந்தப் பந்தோடு பழகிய கைகள் மிக நல்ல கைகள் என்று இப்போது நினைக்கிறேன். வானத்தில் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் இறங்குவோம். அது போனதும் ஏறி வந்து, எத்தனைக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டு தொடருவோம். பெரிய மைதானங்கள் பலவற்றில் முகாமோ அச்சமோ இருந்தபடியால் கிரிக்கெட்டும் உதைபந்தும் சுருங்கின. கரப்பந்து வீட்டு வளவுக்குள்ளும் நடந்தது.

இராணுவம் முன்னேறி வர, 1995 ஒக்ரோபர் 30ஆம் தேதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. நாவற்குழிப் பக்கத்தாலும் கைதடிப் பக்கத்தாலும் லட்சக்கணக்கான சனம் மழையில் தென்மராட்சிக்குள் போனது. தங்கியிருந்த பாடசாலை ஒன்றில், சில கிழமை கழித்து, வேறு வேறு ஊர்ப் பெடியன்கள் மீன்வலைத் துண்டு ஒன்றைக் கட்டி ஆடத் தொடங்கினார்கள். ஒருவனை ஒருவன் தெரியாது. பத்து நாளாக அது வெறும் தட்டல்தான். பிறகு வடக்குப் பக்கத்து ஊரொன்றிலிருந்து வந்த மெலிந்த பெடியன் ஒருவன் நெற்றடியில் நிற்கத் தொடங்கினான். யாரும் அவனை நிறுத்தவில்லை. அவன் ஒவ்வொருவனுடைய பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டான். பந்தைத் தூக்கும்போது அடிக்கப்போகிறவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். அந்தக் கிழமையே அங்கே ஓரணி உண்டாகிவிட்டது. தாய்மார் தங்கள் கவலையை விட்டு வந்து பார்த்தார்கள். 1996 சித்திரையில் நாங்கள் ஊர் திரும்பினோம். அவனுடைய ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயிருந்தது. அவனுக்குத் திரும்ப ஊர் இல்லை.

விதிகளும் மாறின. 1998இல் லிபரோ வந்தான். பந்து ஏற்பதற்கென்றே ஒருவன், வேறு நிற உடுப்போடு. அடுத்த ஆண்டளவில் யார் சேர்விஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறை எங்கும் நிலைத்தது. பதினைந்துப் புள்ளிக் காலத்தில் செற்றர் ஆட்டத்தின் தொடக்கத்தில் எதிரணியைச் சோதித்துப் பார்க்கலாம். தன் அணியின் சேர்விஸில் பிழைத்தால் சேர்விஸ்தான் போகும், புள்ளி போகாது. இருபத்தைந்துப் புள்ளி ஆட்டத்தில் அந்தப் பொறுதி இல்லை. செற்றரின் பிழை ஒவ்வொன்றும் எதிராளிக்குப் புள்ளி. ஏற்பவனைத் தனியாக வைத்ததால் முதல் தொடுகை முன்னையைவிடச் சுத்தமாக வருகிறது. ஆகவே இரண்டாம் தொடுகையின் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது.

போர் முடிந்த பிறகு எங்கள் மைதானங்களுக்கு வெளிச்சம் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கங்கள் விளக்குப் போட்டுத் தருகின்றன, பந்து அனுப்புகின்றன, வெற்றிக்கேடயத்துக்குக் காசு தருகின்றன. அவர்களும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் கோடையில் ஊர்ப்பெயரால் அணி சேர்த்து ஆடுகிறார்கள். நான் அவர்களுக்கு எழுதிக் கேட்டது ஒன்றுதான். சிறந்த அடிகாரருக்குக் கேடயம் கொடுங்கள், அதே அளவுக் கேடயம் சிறந்த செற்றருக்கும் கொடுங்கள். சிலர் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலான மேசைகளில் இன்னும் அடிகாரனின் கேடயந்தான் உயரம்.

இப்போது ஓய்வில் இருந்தாலும் பாடசாலை ஒன்றின் பெண்பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் பழக்குகிறேன். பெண்களுக்கு நெற்றின் உயரம் இரண்டு மீற்றர் இருபத்துநாலு சென்ரிமீற்றர். பாடசாலைப் பிள்ளைகளின் ஆட்டத்தில் ஒரே அடியில் பந்து சாவது குறைவு. பந்து நெற்றைத் தாண்டித் தாண்டி நெடுநேரம் உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் செற்றர்தான் எல்லாம். போன தை மாதம் நான் புதிய அணி எடுத்தபோது முதல் எழுதிய பெயர் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றினுடையது. அவள் இடைவேளையில் வலைப்பந்து ஆடுகிறவர்களை வெளியே நின்று பார்த்துக்கொண்டு, பந்து போக முன்னம், "அங்க போடு, அவள் சும்மா நிக்கிறாள்" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. மூன்று தரம் அவள் சொன்னது சரியாக இருந்தது. அங்கேயே எனக்குப் போதும்.

தாய் ஒரு நாள் பயிற்சி முடிகிற நேரம் சைக்கிளோடு வந்து நின்றார். கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"மாஸ்டர், இவளுக்கு அடிக்க உயரம் காணாது எண்டுதானே பந்து தூக்க விட்டிருக்கிறியள்? மற்றப் பிள்ளையள் பகிடி பண்ணுதுகளாம்."

"இல்லைப் பிள்ளை," என்றேன். "இவளைத்தான் முதல் எடுத்தனான். பேந்துதான் இவளுக்கு அடிக்க ஆக்களைத் தேடினனான். உயரம் வளந்தால் வளரட்டும், வளராட்டிலும் இவள்தான் தூக்குவாள்."

"அப்ப கனகாலம் விளையாட விடுவியளோ?"

"படிச்சு முடியுமட்டும் விளையாடட்டும். ஏஎல் சோதினை வரேக்க மட்டும் நானே வீட்டை அனுப்பிவிடுறன்."

வலயப் போட்டிக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. நடுவில் அடிக்கச் சரியான ஆள் இன்னும் அமையவில்லை. பத்தாம் வகுப்பில் உயரம் பாய்கிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், கால் வேகமானவள், கரப்பந்து தொட்டதில்லை. செற்றர் பிள்ளையே போய் அவளைக் கூட்டிவந்தாள். திங்கட்கிழமை இருவரையும் சுவருக்கு முன்னால் ஒன்றாய் நிறுத்தப்போகிறேன்.